சாலையில் சிதறிய பம்பர் துண்டு... ஓடிய காரைத் தேட உதவும் 'ராமன் ஒளி': யார் இந்த சர் சி.வி.ராமன்?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். சுற்றி முடித்தவர்கள் விடியற்காலையில் பஸ் பிடிக்க செங்கம் சாலை, வேலூர் சாலை, திண்டிவனம் சாலை ஓரமாக நடக்கிறார்கள். கால் வலி, தூக்கக் கலக்கம், பலருக்குக் காலில் செருப்பும் இல்லை. ஊர் திரும்பும் வேன், கார், பஸ் எல்லாமே அதே சாலைகளில்தான் வந்தாகணும்.

இப்படி ஒரு நேரத்துல ஒரு கார் யாரையாவது இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டால்? நம்பர் பிளேட்டை யாரும் பார்க்கவில்லை. அந்த இடத்தில் கேமராவும் இல்லை. மிச்சம் என்ன இருக்கும்?

சில பிளாஸ்டிக் துண்டுகள். உடைந்த ஹெட்லைட் கண்ணாடி மாதிரி ஒன்று, பம்பரின் மூலை ஒன்று, பெயின்ட் செதில்கள் கொஞ்சம். பார்க்கிறவர்களுக்கு அது குப்பை. தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அது சாட்சி.

அந்தச் சாட்சியைப் பேச வைக்கும் முக்கியமான முறைகளில் ஒன்றுக்கு ஒரு தமிழரின் பெயர் இருக்கிறது. ராமன் நிறமாலை ஆய்வு. திருச்சியில் பிறந்து, சென்னையில் படித்து, கொல்கத்தாவில் கண்டுபிடித்து, பெங்களூருவில் மறைந்த சர் சி.வி.ராமன்தான் அந்தத் தமிழர். பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தோடு நாம் கடந்து வந்த அந்த மனிதரின் கதையையும், அவர் கண்டுபிடிப்பு இன்றைக்கு ஒரு விபத்து வழக்கில் என்ன செய்கிறது என்பதையும் பார்ப்போம்.

ஒரு துண்டு பிளாஸ்டிக்கில் அப்படி என்ன இருக்கு?

முதலில் இது ஏன் முக்கியம்னு புரிஞ்சுக்கணும்.

இடித்த வாகனம் எதுன்னு தெரிந்தால், பாதிக்கப்பட்ட குடும்பம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பி இருந்தவர்கள் எண்ணிக்கை எல்லாவற்றையும் கணக்குப் போட்டு இழப்பீடு முடிவாகும். வாகனத்துக்குக் காப்பீடு இருந்தால் அந்த நிறுவனம் பணம் கொடுக்கும். குடும்பத்தின் எதிர்காலத்தையே மாற்றக்கூடிய தொகை அது.

வாகனம் எதுன்னே தெரியவில்லை என்றால்? 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய அரசுத் திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய். அவ்வளவுதான். இறந்தவர் கூலித் தொழிலாளியா, நாலு பேரைக் காப்பாற்றியவரா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

ஆக, சாலையில் கிடக்கும் ஒரு துண்டு பிளாஸ்டிக், குற்றவாளியைப் பிடிப்பதற்கு மட்டும் இல்லை. ஒரு வீட்டில் அடுத்த மாசம் அடுப்பு எரியுமா என்பதற்கும் அது பதில் சொல்லும்.

திருவானைக்காவலில் பிறந்த குழந்தை

1888 நவம்பர் 7. திருச்சி திருவானைக்காவலில் சந்திரசேகர ஐயர், பார்வதி அம்மாள் தம்பதிக்கு இரண்டாவது பிள்ளையாகப் பிறந்தார் வெங்கட ராமன். மொத்தம் எட்டுப் பிள்ளைகள். அப்பா ஆசிரியர். பிறகு விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர் வேலை கிடைத்து, குடும்பம் அங்கே போனது. வீட்டில் இயற்பியல், கணிதப் புத்தகங்கள். அப்பாவுக்கு வயலின் வாசிக்கவும் பிடிக்கும். இந்த இரண்டும் பையனுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டன.

11 வயதில் மெட்ரிகுலேஷன். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது, இந்தப் பொடியனா பி.ஏ. படிக்க வந்திருக்கிறான் என்று பார்த்தவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒல்லியான, சின்ன உருவம். 1904ல் முதலிடத்தில் பி.ஏ. தேறினார். இயற்பியலில் தங்கப் பதக்கம்.

அந்தக் காலத்தில் அறிவாளிப் பையன் என்றால் அடுத்த கப்பலில் இங்கிலாந்து போகணும். ராமனுக்கு அது நடக்கவில்லை. இவர் உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று பரிசோதித்த அரசு மருத்துவர் சொல்லிவிட்டார். சென்னையிலேயே எம்.ஏ. தொடர்ந்தார்.

1906ல், வெறும் 18 வயதில், லண்டனிலிருந்து வெளிவந்த பிலாசாஃபிகல் மேகசின் என்ற ஆய்விதழில் அவர் கட்டுரை அச்சானது. செவ்வகத் துளை வழியே ஒளி போகும்போது விழும் பட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாமல் இருப்பதைப் பற்றிய கட்டுரை. கல்லூரி ஆய்வகத்தில் வழக்கமான ஒரு சோதனையைச் செய்யும்போது கண்ணில் பட்ட விஷயம் அது. எல்லாரும் பார்த்ததைத்தான் அவரும் பார்த்தார், ஆனா விட்டுவிடவில்லை. வாழ்நாள் முழுக்க அவர் வேலை செய்த விதமே இதுதான்.

கணக்கு ஆபீசரின் ராத்திரி வேலை

1907ல் எம்.ஏ. முடித்ததும் என்ன செய்வது? இந்தியாவில் அப்போது ஆராய்ச்சியை மட்டும் நம்பி சோறு சாப்பிட முடியாது. நிதித்துறைத் தேர்வு எழுதினார், முதலிடம். அதே ஆண்டு லோகசுந்தரி அம்மாளைத் திருமணம் செய்துகொண்டு, கொல்கத்தாவில் உதவி கணக்காய்வுத் தலைவராக வேலைக்குச் சேர்ந்தார். வயது 18. நல்ல சம்பளம், அரசாங்க அந்தஸ்து. வேறு யாராக இருந்தாலும் அதோடு செட்டில் ஆகியிருப்பார்கள்.

ஆபீஸ் போகும் வழியில் பௌபஜார் தெருவில் ஒரு பலகை கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். 1876ல் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர், இந்தியர்கள் தாங்களே அறிவியல் செய்யணும் என்ற கனவோடு தொடங்கிய இடம். கருவிகள் இருந்தன, ஆய்வுக்கூடம் இருந்தது. உள்ளே வேலை செய்யத்தான் ஆள் அதிகம் இல்லை. ராமன் கதவைத் தட்டினார்.

அன்றிலிருந்து அவருக்கு இரண்டு வாழ்க்கை. விடியற்காலையில் ஆய்வகம், பிறகு ஆபீஸ் கணக்குகள், மாலையில் மறுபடி ஆய்வகம், ராத்திரி வெகுநேரம் கழித்து வீடு. இடையில் ரங்கூன், நாக்பூர் என்று இடமாற்றம் வந்தபோதும் ஆராய்ச்சியை விடவில்லை. 1911ல் மீண்டும் கொல்கத்தா. இப்படியே பத்து வருஷம்.

1917ல் கொல்கத்தா பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவியைக் கொடுத்தது. அரசு வேலைச் சம்பளத்தோடு பார்த்தால் ரொம்பக் குறைவு. அந்தப் பதவிக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற்றுவரணும் என்று ஒரு நிபந்தனை வேறு. அதற்காகக் கடல் தாண்ட முடியாது என்று ராமன் மறுக்க, நிபந்தனை தளர்த்தப்பட்டது. கணக்கு ஆபீசர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வாத்தியார் ஆனார்.

மிருதங்கம் கற்றுக்கொடுத்த இயற்பியல்

ராமனின் முதல் காதல் ஒளி மட்டும் இல்லை, ஒலியும்தான். வயலின், வீணை, தம்புரா, தபேலா, மிருதங்கம் எல்லாவற்றையும் இயற்பியல் கண்ணால் பார்த்தார்.

சாதாரணமாக ஒரு முரசைத் தட்டினால் வருவது சத்தம், சுருதி சேர்ந்த நாதம் இல்லை. ஆனா மிருதங்கத்தில் மட்டும் எப்படி நாதம் வருகிறது? வலந்தலை நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்தான் காரணம் என்று 1920ல் ஆய்விதழில் எழுதினார். அந்த வட்டத்தின் எடை, தோலின் அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி, தந்தி வாத்தியம் மாதிரி சீரான மேற்சுரங்களைத் தர வைக்கிறது. நம்ம ஊர்க் கைவினைஞர்கள் காலங்காலமாகக் காதால் கண்டுபிடித்து வைத்திருந்ததை அவர் அறிவியல் மொழியில் சொன்னார்.

இந்த அதிர்வு விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பம்பர் துண்டுக்கு வரும்போது இது தேவைப்படும்.

கடல் ஏன் நீலமா இருக்கு?

1921ல் ஆக்ஸ்ஃபோர்டில் பல்கலைக்கழகங்களின் மாநாடு. ராமனின் முதல் வெளிநாட்டுப் பயணம். திரும்பி வரும்போது நார்குண்டா என்ற கப்பலின் மேல்தளத்தில் நின்று மத்தியதரைக் கடலைப் பார்த்தார். அப்படி ஒரு நீலம்.

வானத்தின் நீலம் கடலில் பிரதிபலிக்கிறது, அவ்வளவுதான் என்று பெரிய விஞ்ஞானி ரேலே சொல்லியிருந்தார். உலகமும் நம்பியது. ராமனிடம் ஒரு சின்னப் பட்டகம் இருந்தது. அதைச் சரியான கோணத்தில் பிடித்தால் நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை மறைத்துவிடலாம். மறைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

அப்படின்னா அந்த நிறம் வானத்திலிருந்து வரும் கடன் இல்லை. தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன. கப்பல் பம்பாய் துறைமுகத்தில் நின்றபோதே நேச்சர் இதழுக்குக் கடிதம் எழுதினார். அங்கே ஆரம்பித்த தேடல் ஏழு வருஷம் ஓடியது.

அழுக்கு என்று நினைத்தது அழுக்கு இல்லை

கொல்கத்தா ஆய்வகத்தில் ராமனின் மாணவர்களில் பலர் தெற்கிலிருந்து போனவர்கள். 1923ல் கே.ஆர்.ராமநாதன் ஒரு சோதனை செய்தார். ஒரு நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி வழியே சூரிய ஒளியைச் சுத்தமான தண்ணீரில் செலுத்தினார். சிதறி வரும் ஒளியிலும் அதே நிறம்தான் இருக்கணும். ஆனா கூடவே வேறு நிறத்தில் மங்கலாக இன்னொரு ஒளி.

தண்ணீரில் ஏதோ அழுக்கு, அது ஒளிர்கிறது என்று நினைத்தார்கள். திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். போகவில்லை. பிறகு கே.எஸ்.கிருஷ்ணன் வேறு திரவங்களில் பார்த்தார், அங்கேயும் அதே. கிருஷ்ணன் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்தவர். பின்னாளில் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். 1928 ஜனவரியில் வெங்கடேஸ்வரன் என்ற இன்னொரு ஆய்வாளர் கிளிசரினில் பச்சையாக அந்த ஒளியைப் பார்த்தார்.

இது அழுக்கு இல்லை, புதுசாக ஏதோ இருக்கு என்று ராமனுக்கு உறைத்தது. கிருஷ்ணனை முழு நேரமும் இதில் இறக்கினார். ஏறக்குறைய 60 திரவங்கள். எல்லாவற்றிலும் அந்த ஒளி.

1928 பிப்ரவரி 28. நிறமாலைக் கருவி வழியே பார்த்தபோது விஷயம் உறுதியானது. உள்ளே போன நிறத்திலிருந்து தள்ளி, வேறு இடத்தில் புதிய ஒளி நின்றது. பயன்படுத்திய கருவிகள் எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் ஆகியிருக்கும் என்பார்கள். மறுநாள் செய்தி நிறுவனத்துக்குத் தகவல் போனது. மார்ச் 16ல் பெங்களூருவில் முழு விளக்க உரை. ராமனும் கிருஷ்ணனும் சேர்ந்து எழுதிய குறிப்பு மார்ச் 31ல் நேச்சரில் வந்தது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்ற இருவர் படிகக்கல்லில் இதே விளைவை ஒரு வாரம் முன்பாகவே, பிப்ரவரி 21ல் பார்த்துவிட்டார்கள். ஆனா அவர்கள் கட்டுரை வெளியாகச் சில மாதங்கள் ஆனது. முந்திக்கொண்டது கொல்கத்தா.

ராமன் விளைவு: கிரிவலத்தை வைத்துப் புரிந்துகொள்வோம்

ஒரு பொருள்மீது ஒரே நிற ஒளியைப் பாய்ச்சுகிறோம். சிதறி வரும் ஒளியில் பெரும்பகுதி போன நிறத்திலேயே திரும்பும். ஏறக்குறைய ஒரு கோடி ஒளித்துகள்களில் ஒன்று மட்டும் நிறம் மாறி வரும். பௌர்ணமி கிரிவலத்தில் அத்தனை பேரும் வெள்ளை வேட்டியோடு போய் வெள்ளை வேட்டியோடு திரும்ப, ஒரே ஒருத்தர் மட்டும் காவி வேட்டியோடு வருகிற மாதிரி.

அந்த ஒருத்தர் வழியில் என்ன செய்தார்? மூலக்கூறுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு வந்தார். எவ்வளவு கொடுத்தார் என்பது அந்த மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்பதைப் பொறுத்தது. மிருதங்கத்துக்கு ஒரு நாதம், வீணைக்கு ஒரு நாதம் இல்லையா? அதே மாதிரி கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பிணைப்புக்கு ஒரு அதிர்வு, கார்பனும் ஆக்ஸிஜனும் சேர்ந்ததற்கு வேறு அதிர்வு. எந்தப் பொருளாக இருந்தாலும் அதன் அதிர்வுகள் ஒரு கோட்டு வரிசையாகப் பதிவாகும். மனிதருக்குக் கைரேகை மாதிரி பொருளுக்கு இது.

முன்கூட்டியே எடுத்த கப்பல் டிக்கெட்

1929ல் பிரிட்டிஷ் அரசு சர் பட்டம் கொடுத்தது. 1930ல் நோபல் பரிசு தனக்குத்தான் என்று ராமன் அவ்வளவு நம்பினார். அறிவிப்பு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே ஸ்வீடன் போகத் தனக்கும் மனைவிக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார் என்பது அவர் வாழ்க்கையில் பிரபலமான கதை. நவம்பரில் அறிவிப்பு வந்தது. டிசம்பர் 10ல் ஸ்டாக்ஹோமில் பரிசு. அறிவியலில் நோபல் வாங்கிய முதல் ஆசியர் அவர்.

பரிசு ராமனுக்கு மட்டும். இரவு பகலாகக் கண் பதித்துப் பார்த்த கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்றைக்கும் அறிவியல் வரலாற்றில் ஓயவில்லை.

பெங்களூரு வருஷங்கள்: வெற்றியும் சண்டையும்

1933ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1934ல் இந்திய அறிவியல் அகாடமியைத் தொடங்கினார். ஆனா நிர்வாகம் அவருக்கு ஒத்துவரவில்லை. வேகம், பிடிவாதம், முகத்துக்கு நேரே பேசும் குணம் எல்லாம் சேர்ந்து எதிர்ப்பைக் கிளப்பின. 1937ல் இயக்குநர் பதவியை விட்டார். பேராசிரியராக 1948 வரை அங்கேயே இருந்தார்.

அவரைப் பற்றிப் பேசும்போது மறைக்கக் கூடாத ஒரு பக்கமும் உண்டு. 1933ல் கமலா சோஹோனி என்ற மாணவி ஆராய்ச்சிக்கு இடம் கேட்டபோது, பெண் என்பதால் ராமன் மறுத்தார். கமலா விடவில்லை. நிபந்தனைகளோடு சேர்ந்து, தன் வேலையால் பதில் சொன்னார். அதற்குப் பிறகு பெண்களுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. பின்னாளில் வானிலை அறிவியலில் பெரிய பெயர் எடுத்த அன்னா மாணி, ராமனின் ஆய்வகத்தில் வேலை செய்தவர்தான்.

1948ல் ஓய்வு பெற்றதும் சும்மா இருக்கவில்லை. பெங்களூருவிலேயே ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கி, வைரம், ரத்தினக் கற்கள், பூக்களின் நிறம், கண்ணின் பார்வை என்று கடைசிவரை நிறங்களோடுதான் வாழ்ந்தார். 1954ல் முதல்முறையாக பாரத ரத்னா அறிவிக்கப்பட்டபோது ராஜாஜி, ராதாகிருஷ்ணன், ராமன் என்று மூன்று பேர். 1957ல் லெனின் அமைதிப் பரிசு. இன்னொரு பெருமையும் அந்தக் குடும்பத்துக்கு உண்டு. 1983ல் இயற்பியல் நோபல் வாங்கிய எஸ்.சந்திரசேகர், ராமனின் அண்ணன் மகன்.

1970 நவம்பர் 21. 82 வயதில் பெங்களூருவில் மறைந்தார். அவர் விருப்பப்படி ஆராய்ச்சி நிறுவன வளாகத்திலேயே தகனம். நினைவு மண்டபம் எதுவும் இல்லை, அந்த இடத்தில் ஒரு மரம் மட்டும். அவர் கண்டுபிடிப்பு உறுதியான பிப்ரவரி 28, 1987லிருந்து தேசிய அறிவியல் தினம்.

மங்கிய முறை, லேசரால் மீண்டது

இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. நோபல் வாங்கிய இந்த முறை நடுவில் கொஞ்ச காலம் பின்தங்கிப் போனது. கோடியில் ஒன்றைப் பிடிக்கணும் என்றால் ரொம்பப் பலமான ஒளி வேண்டும். பாதரச விளக்கை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் அகச்சிவப்புக் கருவிகள் சுலபமாகக் கிடைக்க, ஆய்வகங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன.

1960ல் லேசர் வந்தது. ஒரே நிறம், குவிந்த கதிர், நல்ல பலம். ராமன் முறைக்காகவே செய்த மாதிரி. 1970களில் மைக்ராஸ்கோப்பும் சேர்ந்துகொண்டது. தலைமுடி அகலத்தைவிடச் சின்ன புள்ளியைக்கூட ஆராயலாம் என்றானது. அங்கேதான் தடய அறிவியல் உள்ளே வந்தது.

இன்னொரு விஷயம். பம்பர் செய்யும் பாலிப்ரோப்பிலீனும், ஹெட்லைட் மூடி செய்யும் பாலிகார்பனேட்டும் 1950களில்தான் பிறந்தன. 1928ல் ராமன் அந்த ஒளியைப் பார்த்தபோது இப்படி ஒரு பொருளே உலகத்தில் இல்லை!

சரி, துண்டை எப்படி ஆராய்கிறார்கள்?

முதல் வேலை கண்ணால் பார்ப்பது. பல பிளாஸ்டிக் பாகங்களின் உள்பக்கத்தில் பாக எண், தயாரிப்பு முத்திரை, எந்த வகை பிளாஸ்டிக் என்ற குறியீடு எல்லாம் அச்சிலேயே வார்த்திருக்கும். அதில் பாதி எழுத்து கிடைத்தாலே கார் மாடல்வரை போய்விடலாம்.

அடுத்தது பொருத்திப் பார்ப்பது. சந்தேகப்படும் காரின் உடைந்த பம்பரில் இந்தத் துண்டு அப்படியே உட்கார்ந்தால், உடைந்த ஓரம் ஓரத்தோடு சேர்ந்தால், அதைவிட வலுவான சாட்சி கிடையாது. கிழித்த ரூபாய் நோட்டின் இரண்டு பாதிகள் சேர்வது மாதிரி.

துண்டு ரொம்பச் சின்னது, ஓரம் சிதைந்துவிட்டது என்றால்தான் வேதியியல் வருகிறது. ராமன் கருவியில் லேசரைக் குவிக்கிறார்கள். கோட்டு வரிசை திரையில் வருகிறது. இது பாலிப்ரோப்பிலீனா, பாலிகார்பனேட்டா, பின்விளக்கில் வரும் அக்ரிலிக்கா, கண்ணாடிக் கூட்டில் வரும் ஏ.பி.எஸ். வகையா என்று தெரிந்துவிடும். பிளாஸ்டிக்கோடு கலந்த டால்க் தூள், வெள்ளைக்குச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு, நீலம், சிவப்பு நிறமிகளும் தங்கள் அடையாளத்தைக் காட்டும்.

பம்பர்மேல் பெயின்ட் இருந்தால் இன்னும் நல்லது. கார் பெயின்ட் ஒரே பூச்சு இல்லை. அடிப்பூச்சு, நிறப்பூச்சு, மேலே பளபளப்புக்குத் தெளிந்த பூச்சு என்று அடுக்குகள். செதிலைக் குறுக்கே வெட்டினால் லேயர் கேக் மாதிரி தெரியும். ஒருமுறை இடிபட்டு லோக்கல் பட்டறையில் மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் அடுக்கு கூடியிருக்கும். அந்தக் கூடுதல் அடுக்குதான் ஆயிரம் வெள்ளைக் கார்களில் ஒன்றைத் தனியாகப் பிரித்துக் காட்டும். கனடா போலீஸ் இதற்காகவே கார் பெயின்ட் அடுக்குகளின் பெரிய தரவுத்தளம் வைத்திருக்கிறது.

ராமன் கருவி தனியாக வேலை செய்வதில்லை. அகச்சிவப்பு ஆய்வு, துண்டைச் சூடாக்கி ஆவியாக்கிப் பிரிக்கும் முறை, தனிமங்களைக் காட்டும் எக்ஸ் கதிர் ஆய்வு எல்லாம் சேர்த்துத்தான் முடிவு. ராமன் முறையில் ஒரு பெரிய வசதி, மாதிரியை அழிக்காது. ஒரே துண்டைப் பிறகு கோர்ட்டிலும் காட்டலாம்.

எல்லாத்தையும் சொல்லிவிடுமா?

இல்லை. இது சினிமா கிடையாது.

ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நிறத்தில் ஆயிரக்கணக்கான கார்கள் ஓடுகின்றன. அவற்றின் பம்பர் எல்லாமே ஒரே கலவை. ஆகவே வேதியியல் மட்டும் வைத்து இந்தக் கார்தான் என்று சொல்ல முடியாது. இந்தக் காரிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லலாம். இந்தக் காரிலிருந்து வந்திருக்கவே முடியாது என்று மட்டும் அடித்துச் சொல்லலாம். தப்பு செய்யாத ஒரு டிரைவரைக் காப்பாற்றவும் இது உதவும் என்பதை மறந்துவிடக் கூடாது.

கறுப்பு பிளாஸ்டிக் இன்னொரு தலைவலி. அதில் கலந்த கரித்தூள் லேசரை உறிஞ்சிச் சூடாகும், துண்டே கருகிவிடலாம். சில நிறமிகள் தாங்களே ஒளிர்ந்து ராமன் கோடுகளை மூழ்கடிக்கும். 1923ல் ராமநாதனைக் குழப்பிய அதே ஒளிர்தல்தான். அன்றைக்கு ராமன் ஒளியை ஒளிர்தல் என்று தப்பாக நினைத்தார்கள், இன்றைக்கு ஒளிர்தல் வந்து ராமன் ஒளியை மறைக்கிறது.

விபத்து இடத்தில் நாம் என்ன செய்யணும்?

எவ்வளவு பெரிய கருவி இருந்தாலும் துண்டு ஆய்வகத்துக்குப் போகணும். அதற்கு அது சாலையில் இருக்கணும். பெரும்பாலும் நடப்பது என்ன? போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று யாரோ காலால் ஓரம் தள்ளுவார்கள். அடுத்த லாரி ஏறி நொறுக்கும். காலையில் துப்புரவுப் பணியாளர் கூட்டிவிடுவார். சாட்சி குப்பைக்குப் போய்விடும்.

* முதலில் உயிர். 108க்கு போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் கட்டணமில்லா அவசர சிகிச்சை உண்டு. உதவி செய்பவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு தருகிறது, பயப்பட வேண்டாம்.

* உடைந்த துண்டுகளை எடுக்காமல், கிடக்கும் இடத்திலேயே மொபைலில் படம் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று.

* போலீஸ் வந்ததும் துண்டுகளைக் காட்டுங்கள். கைப்பற்றி, உறையிட்டு, சீல் வைத்து, பட்டியலில் எழுதினால்தான் அது வழக்கில் நிற்கும்.

* பாதிக்கப்பட்டவரின் உடை, சைக்கிள், பைக் எதையும் துவைக்கவோ கழுவவோ வேண்டாம். பெயின்ட் செதில் அதிலும் ஒட்டியிருக்கும்.

* வாகனம் கிடைக்கவே இல்லை என்றாலும் 2 லட்சம், 50 ஆயிரம் இழப்பீட்டுக்கு வருவாய்த்துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர்தான் இதற்கு உத்தரவு போடுபவர். பல குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சென்னையில் 1849லேயே அரசு வேதிப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கியாகிவிட்டது. இந்தியாவில் தடய அறிவியலின் தொடக்கப் புள்ளிகளில் அது ஒன்று. இன்றைக்குத் தமிழ்நாடு தடய அறிவியல் துறையாக வளர்ந்து, மண்டல ஆய்வகங்களும் இருக்கின்றன. ஆனா புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில்தான் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வரணும் என்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் அதிகபட்சம் 5 ஆண்டு. இடித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை என்ற பிரிவு, லாரி ஓட்டுநர்களின் போராட்டத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. அதனால் பெரும்பாலான விபத்துகளில் அந்தத் துண்டைக் குனிந்து எடுப்பது உள்ளூர் காவல் நிலையத்திலிருந்து வரும் ஒரு எஸ்.ஐ. அல்லது ஏட்டுதான்.

எல்லாரும் பார்த்துவிட்டுக் கடந்துபோன ஒரு மங்கலான ஒளியை ஏழு வருஷம் விடாமல் துரத்தியவர் ராமன். செங்கம் சாலை ஓரத்தில் கிடக்கும் ஒரு உடைந்த துண்டுக்கும் அதே கவனம்தான் வேண்டும்.